செங்குஞ்சு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டுங்கள்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து, குட்டையிலும் கண்மாயிலும் புதுத் தண்ணீர் தெளிந்து நிற்கும் நாட்களில், காலை வேளையில் கரையோரமாக நடந்து பார்த்தால் ஒரு காட்சி தென்படும். கோரைக்கு அருகே ஒரு முறத்து அகலத்துக்குத் தண்ணீர் செக்கச் சிவந்திருக்கும். உலை கொதிப்பதுபோல் சிறு சிறு குமிழிகள் பொங்கும். சற்று நேரத்தில் அந்தச் சிவப்பு அப்படியே நகரும். ஒரு கல் விழுந்தால் மறையும். பிறகு நாலு முழம் தள்ளி மறுபடி மேலே வரும். இவை விரால் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன.

தூண்டில் போடத் தெரிந்தவருக்கு இதைவிட எளிய வேட்டை வேறில்லை. அந்தச் சிவப்பின் நடுவே எதை எறிந்தாலும், பசியில்லாத விரால்கூடப் பாய்ந்து கவ்வும். குஞ்சுகளைத் தின்ன வந்த எதிரி என்று நினைத்து அடிக்கிறது. இரை என்று நினைத்து அல்ல. அரை மணி நேரத்தில் ஜோடி இரண்டும் கரைக்கு வந்துவிடும். அன்றைக்குக் குழம்புக்கு ஆயிற்று. ஆனால் "முன்பெல்லாம் இந்தக் குட்டையில் கை நீளத்துக்கு விரால் கிடந்தது, இப்போது ஒன்றும் இல்லையே" என்று இரண்டு ஆண்டு கழித்துக் கரையில் நின்று பேசுபவரும் பெரும்பாலும் அதே ஆள்தான். விரால் குறைந்ததற்குப் பூச்சிமருந்து, தூர்ந்துபோன கண்மாய், பொய்த்த மழை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் விவசாயி தன் கையால் இன்றே நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான்.

விராலின் வாழ்க்கை

விரால், குறவை முதலிய மீன்கள் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. செவுளுக்கு மேலே தலைக்குள் இருக்கும் அறையில் காற்றை அடைத்துக்கொண்டு, அதிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் அமைப்பு அவற்றுக்கு உண்டு. ஆகையால் சேறும் அழுகிய இலையும் நிறைந்து, கெண்டை வகைகள் மூச்சுத் திணறிச் சாகும் குட்டையிலும் விரால் சுகமாக இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். மழை பெய்தால் வாய்க்கால் வழியாகவும், ஈரப் புல்லின் மேல் நெளிந்தும், அடுத்த வயலுக்கும் அடுத்த குட்டைக்கும் போய்விடும். "நாங்கள் விரால் விடவே இல்லை, எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் குட்டைக்காரர்களுக்கு இதுவே பதில்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வளர்ந்த விராலுக்குக் காற்று கட்டாயம் வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவதா என்று சிரிக்க வேண்டாம். விராலுக்கு அது நடக்கிறது.

ஓராண்டு வளர்ந்து ஏறக்குறைய ஓரடி நீளம் வந்ததும் விரால் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. மழைக்காலமே அதற்கு முக்கியப் பருவம். ஆழமில்லாத கரையோரத்தில், புல்லும் பாசியும் அடர்ந்த இடத்தில், ஜோடி சேர்ந்து நடுவிலுள்ள செடிகளை ஒதுக்கி வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவு செய்கின்றன. அதில் இடும் முட்டைகள், எண்ணெய்த் துளி உள்ளே இருப்பதால், மூழ்காமல் தேன் நிறத்தில் மிதக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாள், ஒன்றரை நாளில் குஞ்சு வெளிவந்துவிடும். சில நாட்களில் அவை சிவந்த நிறம் பெற்று, கூட்டமாக மேய ஆரம்பிக்கின்றன. அப்போதுதான் கரையில் நிற்பவர் கண்ணில் படுகின்றன.

ஆயிரக்கணக்கில் இருக்கும் இந்தக் குஞ்சுகளுக்கு எதிரிகள் கொஞ்சமல்ல. ஜிலேபி, கெளுத்தி, தண்ணீர்ப் பாம்பு, நீர்வண்டு, தட்டான் பூச்சியின் இளம்புழு, கொக்கு, மீன்கொத்தி, பிற விரால்கள் எல்லாமே அவற்றைத் தின்னும். மூன்று, நான்கு வாரங்கள் பெற்ற மீன்கள் கீழேயே சுற்றிச் சுற்றி வந்து இவற்றை விரட்டுகின்றன. குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு அங்குலம் வளர்ந்து, சிவப்பு போய்ச் சாம்பலும் பழுப்புமான நிறம் வந்ததும் கூட்டம் கலைகிறது. அதன் பிறகு பாசம் எதுவும் இல்லை. பெற்ற மீனே தன் குஞ்சைப் பிடித்துத் தின்னும். ஆகவே காவல் தேவைப்படும் காலம் ஒரு மாதம். அந்த ஒரு மாதம்தான் தூண்டில்காரர் பொறுக்க வேண்டியது.

கணக்குப் பார்த்தால் எளிதில் விளங்கும். காவல் நிற்கும் ஜோடி இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் குஞ்சுகளில் தொள்ளாயிரத்து எழுபது அழிந்து, முப்பது மட்டும் பிழைத்து, அடுத்த ஆண்டு தலைக்கு அரைக் கிலோ வந்தாலும் பதினைந்து கிலோ ஆகிறது. அந்தப் பதினைந்து கிலோவுக்கு விவசாயி தீவனம் போடவில்லை, குஞ்சு வாங்கவில்லை. சந்தையில் உயிரோடு விற்கும் விராலுக்குக் கெண்டையைவிட எப்போதும் விலை கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்க்கவும்.

அமெரிக்கக் குட்டையிலும் இதே கதை

விராலைப் போலவே குஞ்சைக் காக்கும் மீன் ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. பெரிய வாய் கொண்ட அதன் பெயர் பாஸ். அந்நாட்டு விவசாயிகளின் பண்ணைக் குட்டைகளில் இதை வளர்த்து, கரையிலிருந்தே தூண்டில் போட்டுப் பிடிப்பது நெடுநாள் வழக்கம். வசந்த காலத்தில் ஆண் பாஸ் ஆழமில்லாத இடத்தில் வாலால் அடித்துத் தட்டுப் போன்ற குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண்தான் காவல்.

அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் ஏரிகளில் நீருக்குள் இறங்கியே இதைக் கவனித்தார்கள். காவல் நிற்கும் ஆணைத் தூண்டிலில் இழுத்துவிட்டு, உடனே திரும்ப விட்டாலும், அது வந்து சேர்வதற்குள் சுற்றியுள்ள சிறு மீன்கள் கூட்டில் புகுந்து முட்டையைச் சூறையாடிவிடுகின்றன. களைத்துப்போன ஆண், மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கூட்டையே கைவிட்டுப் போவதும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத் தென்பகுதியில் பாஸ் குஞ்சு காக்கும் வசந்த காலத்தில் அதைப் பிடித்து எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. அதற்குக் காரணம் இதுதான். "பிடித்தாலும் விட்டுவிடுகிறேனே, என்ன கெடுதல்?" என்று நம் ஊரில் புதிதாகத் தூண்டில் எடுத்திருக்கும் இளைஞர்கள் கேட்கிறார்கள். விராலுக்கும் அந்தச் சில நிமிஷம் போதும். ஜிலேபி கூட்டம் சுற்றி நின்றுகொண்டே இருக்கிறது.

இன்னொரு பாடமும் அங்கிருந்து கிடைக்கிறது. அலபாமா மாநிலத்து ஆபர்ன் நகரில் எச். எஸ். ஸ்விங்கிள் என்ற விஞ்ஞானி 1930-களிலிருந்து விவசாயிகளின் குட்டைகளை ஆராய்ந்தார். பாஸும், அதற்கு இரையாகப் புளூகில் என்ற சிறு மீனும் சேர்த்து விடுவது அங்கே வழக்கம். பாஸை அவசரப்பட்டு அதிகமாகப் பிடித்துவிட்டால் புளூகில் பெருகும். பெருகிய மீனுக்கு இரை போதாது. மூன்று விரல் அகலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். பசித்த அந்தக் கூட்டம் பாஸ் முட்டைகளையும் தின்று தீர்ப்பதால் புதிய பாஸும் வராது. குட்டை நிறைய மீன் இருக்கும், தின்ன ஒன்றும் இராது.

இதைப் படிக்கும்போது நம் விவசாயிகளுக்குத் தங்கள் குட்டை ஜிலேபி நினைவுக்கு வந்தால் அது சரியே. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் அழிவு குறைந்து, ஆண்டுக்குப் பல முறை பெருகுகிறது. குட்டையில் விரால் இருந்தால் குஞ்சு ஜிலேபியைத் தின்று தொகையைக் குறைக்கும். மிஞ்சிய ஜிலேபி உள்ளங்கை அகலம் வளரும். விராலைத் தூண்டிலால் துடைத்துவிட்ட குட்டையில் விரல் நீள ஜிலேபிதான் கிடைக்கும்.

ஆகவே தூண்டில் என்பது குட்டையின் நாடி பார்க்கும் கருவியாகவும் பயன்படும். மண்புழு கோத்து ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். வருவதெல்லாம் ஒரே அளவான பொடி ஜிலேபி, அதுவும் தலை பெருத்து உடல் மெலிந்தது என்றால், விரால் போதாது. கொஞ்ச நாள் விராலைத் தொடாமல், ஜிலேபியை வலை போட்டுக் குறைக்க வேண்டும். ஜிலேபி அபூர்வமாக, ஆனால் பெரிதாக வந்து, விராலோ தலை பெருத்து வயிறு ஒட்டிப்போயிருந்தால், விரால் மிகுந்துவிட்டது. அப்போது தாராளமாகப் பிடிக்கலாம்.

கரையில் நிற்கும் முறை

தை பிறந்து, குஞ்சுக் கூட்டங்கள் கலைந்த பிறகு சித்திரை வரையில் விரால் பிடிக்க நல்ல பருவம். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் உகந்தவை. உச்சி வெயிலில் அது அல்லி இலை நிழலிலும், ஆகாயத்தாமரைக்கு அடியிலும் ஒதுங்கிக் கிடக்கும்.

சிறு குட்டையில் மீனைவிட மனிதன் பெரிய சத்தம் போடுகிறான். கரை மண்ணில் ஓங்கி மிதித்தால் அந்த அதிர்வு தண்ணீருக்குள் போகிறது. நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் விலகிவிடும். ஆகையால் சூரியன் முகத்துக்கு நேரே இருக்குமாறு, தண்ணீரிலிருந்து நாலடி பின்னே, குந்தி அமர்வது நல்லது. முதலில் தூண்டிலைப் போடாமல் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். விரால் மூச்சு விட வரும்போது "கப்" என்று ஒரு சத்தமும் ஒற்றைக் குமிழியும் எழும். அதே மீன் சற்று நேரம் கழித்துப் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் மறுபடி வரும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு முழம் அப்பால் இரையைப் போட்டு இழுத்து வர வேண்டும். தலை மேலேயே போட்டால் பயந்து ஓடிவிடும்.

செடி முடிந்து தெளிந்த தண்ணீர் தொடங்கும் ஓரம், மடையிலிருந்து தண்ணீர் விழும் இடம், சாய்ந்து கிடக்கும் கருவேலங்கிளையின் அடி ஆகியவை விரால் பதுங்கும் இடங்கள். நடுக்குட்டையில் எறிந்து பயனில்லை. கரையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் அது வாழ்கிறது. படகு வைத்திருப்பவரைவிடப் பத்தடி மூங்கில் கழி வைத்திருப்பவருக்கு இந்த மீனைப் பொறுத்தவரை வசதி அதிகம்.

கழி உறுதியாக இருக்க வேண்டும். நரம்பு பத்துக் கிலோ தாங்குவதாக இருக்கட்டும். பாசிக்குள் இழுத்துக்கொண்டு ஓடும் விராலை மெல்லிய நரம்பால் நிறுத்த முடியாது. அறுத்துக்கொண்டு போன மீன் வாயில் முள்ளோடு எங்கோ செத்து மிதக்கும், யாருக்கும் பயனில்லை. முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், வேண்டாத சிறு மீனைக் காயமின்றி விடலாம். நரம்பு தளராமல் இழுத்தால் பெரிய மீனும் தப்பாது.

இரை எது?

மண்புழு, கரப்பான், உயிருள்ள அயிரை, கெண்டைக்குஞ்சு எல்லாவற்றையும் விரால் எடுக்கும். ஆனால் தூண்டில்காரர்கள் பெரிதும் விரும்புவது தவளை. முள்ளில் கோத்து அல்லி இலைகளின் மேல் தத்தத் தத்த இழுத்தால் விரால் பொறுக்காது. இந்த வழக்கத்தை விட்டுவிடுவது விவசாயிக்கே நல்லது. வயலில் ஒரு தவளை இரவெல்லாம் தத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் தின்றுகொண்டிருக்கிறது. தவளைக் கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-ல் தடை செய்ததும், வயலில் பூச்சியைத் தின்பவை குறைந்துகொண்டே போனதால்தான். மருந்துக்குப் பணம் செலவழிக்கும் விவசாயி, செலவில்லாமல் வேலை செய்யும் ஆளை முள்ளில் குத்துவது கணக்குக்கு ஒவ்வாது.

அதற்குப் பதிலாக இப்போது ரப்பர் தவளை கடைகளில் கிடைக்கிறது. பாஸ் மீனுக்காகப் புழக்கத்துக்கு வந்த அதே பொம்மை விராலையும் ஏமாற்றுகிறது. முள் முதுகோடு ஒட்டி இருப்பதால் செடியில் மாட்டாது. இரண்டு தத்து, ஒரு நிறுத்தம் என்று இழுக்க வேண்டும். மீன் கவ்வியதும் உடனே சுண்டக் கூடாது. விரால் முதலில் அடித்துவிட்டு, பிறகுதான் வாய்க்குள் திருப்பிக்கொள்ளும். மூன்று எண்ணிவிட்டுச் சுண்டினால் முள் நன்றாகப் பதியும். ஆத்திரக்காரனுக்கு விரால் கிடைக்காது என்று தூண்டில்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இரவில் கரையோரம் குச்சிகளை நட்டு, இரை கோத்து, விடிந்ததும் வந்து பார்க்கும் முறையும் உண்டு. இதில் ஆமையும் தண்ணீர்ப் பாம்பும் மாட்டிச் சாகின்றன. விராலும் நரம்பு செடியில் சிக்கி மேலே வர முடியாமல் செத்துக் கிடக்கும். செத்த விராலுக்குச் சந்தையில் பாதி மதிப்புகூட இல்லை. பேட்டரி மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். குட்டையிலுள்ள குஞ்சு குறுமான் எல்லாம் அதில் போய்விடும். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஊர்க் கண்மாயின் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுப்பது சச்சரவைத் தவிர்க்கும்.

செங்குஞ்சு தெரிந்தால்

சிவந்த கூட்டம் கண்ணில் பட்டால் என்ன செய்வது? குட்டையின் அளவைப் பொறுத்தது. பத்து, இருபது சென்ட் குட்டையானால் ஒரு மாதத்துக்கு விரால் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். அங்கே எந்தப் பக்கம் எறிந்தாலும் காவல் மீனே வந்து மாட்டலாம். மண்புழுவும் சிறு முள்ளும் கொண்டு, எதிர்க்கரையில் ஜிலேபி பிடிப்பதில் தவறில்லை. குஞ்சுகளைத் தின்பது அதுதானே. பெரிய கண்மாயானால் கூட்டத்திலிருந்து ஐம்பது கஜம் தள்ளிப் போய் விரால் தூண்டில் போடலாம்.

ஆடு மாடுகளைக் குளிப்பாட்டும் இடத்தையும் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் மாற்றலாம். கரையோரக் கோரையை முழுவதும் அறுத்தெடுக்காமல், குட்டையின் ஒரு மூலையில் பத்தடிக்காவது விட்டுவைப்பது முட்டையிட வசதியாகும். சிறுவர்கள் அந்தச் சிவப்பைக் கண்டால் கொசுவலைத் துணியால் அள்ளிவிடுகிறார்கள். அள்ளிய குஞ்சு புட்டியில் மறுநாளே செத்துப்போகிறது. வீட்டில் பெரியவர்கள் ஒரு முறை கரைக்கு அழைத்துப்போய்க் காட்டினால், அந்தப் பிள்ளைகளே காவல்காரர்களாகிவிடுவார்கள்.

புதுவெள்ளத்தில் மடையில் எதிரேறி வரும் விராலைப் பரி வைத்துப் பிடிப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அவற்றில் பல முட்டையிட இடம் தேடி வருபவை. எல்லாவற்றையும் எடுக்காமல், வயிறு பருத்தவற்றையாவது குட்டைக்குள் விட்டால் பலன் தெரியும். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே திரண்டு ஊத்தா, கச்சா, பரியோடு இறங்கும் அழிமீன் பிடிப்பு பல மாவட்டங்களில் திருவிழாவாகவே நடக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது, சொல்லவும் வேண்டாம். சொந்தக் குட்டை உள்ளவர்கள் முன்கூட்டியே ஒரு மூலையில் நாலடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, அன்றைக்குப் பிடிபடும் நல்ல விரால்களில் நாலைந்தை அதில் விட்டுவைத்தால், அடுத்த மழைக்கு விதை கையில் இருக்கும்.

கெண்டை விட்ட குட்டைக்கு வேறு சட்டம்

இதுவரை சொன்னது விராலை வேண்டுமென்று வைத்திருக்கும் குட்டைக்கு. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விலை கொடுத்து வாங்கி விடுகிறவருக்கு விரால் திருடன். விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகளை அது நாள்தோறும் தின்னும். இத்தகைய குட்டையில் குஞ்சு விடுவதற்கு முன்பே விராலை ஒழிக்க வேண்டும். தூண்டிலால் கொஞ்சம் குறைக்கலாமே தவிர, சேற்றில் புதைந்தவை தப்பிவிடும். முழுவதும் வற்றவைத்துக் காயவிடுவதே சிறந்த வழி. வற்றவைக்க இயலாவிட்டால் ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டைக்குச் சென்ட் ஒன்றுக்குப் பத்துக் கிலோ வீதம் இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிக்கலாம். சில மணி நேரத்தில் மீன்கள் மிதக்கத் தொடங்கும். நஞ்சு நீங்க மூன்று வாரம் விட்டுப் பிறகு குஞ்சு விடலாம். அதற்குள் புண்ணாக்கே உரமாகி, குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணுயிர்களை வளர்த்துத் தரும். தண்ணீர் வரும் வழியில் நெருக்கமான வலைத் தடுப்பு இல்லாவிட்டால் இத்தனை செலவும் வீண், முதல் மழையிலேயே விரால் திரும்பிவிடும்.

கெண்டை கால் கிலோவுக்கு மேல் வளர்ந்த பிறகு குட்டையில் ஜிலேபி பெருகித் தீவனத்தைத் தின்கிறது என்றால், அப்போது சிறிய விரால்கள் சிலவற்றை விடுவது உபகாரமாகும். கெண்டை அவற்றின் வாய்க்குள் அடங்காது; ஜிலேபிக் குஞ்சு அடங்கும்.

தூண்டிலில் எப்போதாவது நீண்ட மீசையுடன் தடித்த ஆப்பிரிக்கக் கெளுத்தி வரும். இதை வளர்ப்பதை மத்திய அரசு 2000-ல் தடை செய்தது. எந்த அளவிலிருந்தாலும் அதைத் திரும்பத் தண்ணீரில் விடவே கூடாது.

பிடித்த மீனும் புண் நோயும்

விராலை உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோக, பானையிலோ வாளியிலோ பாதிக்குக் கீழே தண்ணீர் விட்டு, மேலே காற்றுக்கு இடம் வைத்து, வலைத்துணியால் இறுகக் கட்ட வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மூடினால் மீன் மூச்சடைத்துச் சாகும். மூடாமல் விட்டால் துள்ளி வெளியே போய்விடும். ஈரச் சாக்கில் சுற்றினால்கூடச் சில மணி நேரம் தாங்கும். தோல் காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும்.

மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் பிடிபடும் மீனின் உடலில் சிவந்த திட்டோ, ஆழமாகக் குழிந்த புண்ணோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் முதலில் கண்ட இந்தப் புண் நோய், சில ஆண்டுகளில் தென் மாநிலங்களுக்கும் பரவி, எல்லா மீன்களையும்விட விராலையே மிகுதியாக அழித்தது. நீரில் பரவும் ஒரு பூஞ்சண வகைக் கிருமி இதற்கு மூலம். புண்ணுள்ள மீனை வேறு குட்டையில் விடுவதோ, கண்மாயில் வீசுவதோ கூடாது. கரையிலிருந்து தள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். குட்டைக்குச் சுண்ணாம்பு இடும் அளவை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் தண்ணீரைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் குட்டையில் பயன்படுத்திய தூண்டில், வாளி, பரி எல்லாவற்றையும் கழுவி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்த பிறகே மற்றொரு குட்டைக்கு எடுத்துப் போக வேண்டும்.